பாராட்டும் தேர்வும்: கும்பகோணம் நகர உயர்நிலைப் பள்ளியில் சீனிவாச இராமானுஜன் (1898–1904)

ஆய்வுச் சுருக்கம்

கணித மேதை சீனிவாச இராமானுஜனின் வாழ்க்கையை எழுதியோர் பலரும் அவர் கல்லூரியில் அடைந்த தோல்வியையும் கேம்பிரிட்ஜில் பெற்ற ஏற்பையும் எதிரெதிரே நிறுத்துகின்றனர். இவ்விரண்டுக்கும் முற்பட்ட ஆறு ஆண்டுப் பள்ளிப் பருவம் பெரும்பாலும் சுவையான நிகழ்ச்சிகளின் தொகுப்பாகச் சுருங்கிவிடுகிறது. கும்பகோணம் நகர உயர்நிலைப் பள்ளி தன் மாணவர் ஒருவரை எவ்வெவ்வழிகளில் அடையாளம் கண்டது, அந்த அடையாளம் எதுவரை செல்லுபடியாயிற்று, எங்கே செல்லாமற் போயிற்று என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. கட்டணச் சலுகை, உடன் பயின்றோர் மதிப்பு, ஆசிரியர் ஒப்படைத்த பணி, பரிசளிப்பு மேடை ஆகிய நான்கும் தனித்தனி இயல்புடையவை என்பதும், பல்கலைக்கழகத் தேர்வு முறை இவற்றுள் எதனையும் கணக்கில் கொள்ளும் அமைப்புடையதாக இல்லை என்பதும் இங்கு எடுத்துக்காட்டப்படுகின்றன.

திறவுச் சொற்கள்: இராமானுஜன், கும்பகோணம், நகர உயர்நிலைப் பள்ளி, பரிசளிப்பு, மெட்ரிகுலேஷன், எஃப்.ஏ. தேர்வு, உதவித்தொகை.

முன்னுரை

இராமானுஜனைப் பற்றிய பொது நினைவில் நிலைத்துவிட்ட கூற்று ஒன்று உண்டு. இந்தியக் கல்வி நிறுவனங்கள் அவரை அறிந்துகொள்ளவில்லை. ஆங்கிலேயப் பேராசிரியர் ஒருவரே அறிந்துகொண்டார் என்பது அது. ஜி. எச். ஹார்டியே இக்கூற்றுக்கு ஓரளவு காரணமானவர். நெகிழ்வும் திறனும் அற்ற கல்வி முறை ஒன்று எத்தகைய சேதத்தை விளைவிக்கும் என்பதற்குத் தாம் அறிந்த மிக மோசமான சான்றாக அவர் இராமானுஜனின் இளமையைக் காட்டினார். ஆனால் ஹார்டி குறிப்பிட்டது பதினெட்டு முதல் இருபத்தைந்து வயது வரையிலான ஆண்டுகளை. அதாவது கல்லூரியிலிருந்து விலகி, வேலையின்றி அலைந்த காலத்தை. அக்கண்டனம் பள்ளிக்கும் சேர்த்துச் சொல்லப்பட்டதாகப் பின்வந்தோர் எடுத்துக்கொண்டது பொருந்துமா என்பது தனியே ஆராயத்தக்கது.

இதற்கான முதன்மைச் சான்றுகள் இரு வகைப்பட்டவை. ஒன்று, பி. வி. சேஷு ஐயரும் ஆர். இராமச்சந்திர ராவும் எழுதி, 1927இல் வெளிவந்த ஆய்வுக் கட்டுரைத் தொகுப்பின் முகப்பில் இடம்பெற்ற வாழ்க்கைக் குறிப்பு. இருவரும் அவரை நேரில் அறிந்தவர்கள். மற்றொன்று, உடன் பயின்றவர்களும் உறவினரும் பல்லாண்டுகள் கழித்துக் கூறிய நினைவுகள். 1967இல் வெளிவந்த எஸ். ஆர். அரங்கநாதனின் நூலும் 1991இல் வெளிவந்த இராபர்ட் கனிகலின் நூலும் இத்தகைய நினைவுகளை மிகுதியும் பயன்படுத்தியுள்ளன. புகழ் பெற்றவரின் இளமையைப் பின்னோக்கிப் பார்ப்போர் அங்கே அற்புதங்களையே காண்பர். பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுத்தால் ஒன்று வருமா என்று வகுப்பில் கேட்டதாக வழங்கும் கதையை அவ்வகையில் எச்சரிக்கையோடு அணுகுவதே முறை. அது உண்மையாகவே இருக்கலாம். ஆயினும் பள்ளியைப் பற்றி அது அதிகம் சொல்வதில்லை. பள்ளியைப் பற்றிச் சொல்பவை வேறு செய்திகள்.

நகரமும் பள்ளியும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கும்பகோணம், தஞ்சை மாவட்டத்தின் வளம் மிக்க நெற்களஞ்சியத்தின் நடுவே அமைந்த கோயில் நகரம்; பட்டு நெசவுக்கும் வெண்கல, பித்தளைப் பாத்திரங்களுக்கும் பெயர் பெற்றது. அங்கிருந்த அரசுக் கல்லூரி, 1854இல் பள்ளியாகத் தொடங்கி 1867இல் கல்லூரி நிலைக்கு உயர்ந்தது. டபிள்யூ. ஏ. போர்ட்டர், டி. கோபால ராவ் ஆகியோரின் காலத்தில் அது அடைந்த புகழினால் நகரம் ‘தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ்’ என வழங்கப்பட்டது. இப்பட்டப்பெயர் சற்று மிகையானதே. எனினும் படிப்பு, தேர்வு, அரசுப் பணி என்னும் ஏறுவரிசை அந்நகரத்துக் குடும்பங்களின் அன்றாடப் பேச்சில் எவ்வளவு ஊறியிருந்தது என்பதை அது காட்டுகிறது.

நகர உயர்நிலைப் பள்ளி 1864இல் பெரிய தெருவில் இரண்டு வீடுகளில் தொடங்கியது. மானிய உதவி முறையை வகுத்த 1854ஆம் ஆண்டு வுட் அறிக்கைக்கும், சென்னைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்ட 1857ஆம் ஆண்டுக்கும் பிறகு மாகாணமெங்கும் தோன்றிய உயர்நிலைப் பள்ளிகளுள் அதுவும் ஒன்று. இத்தகைய பள்ளிகளின் இறுதி இலக்கு மெட்ரிகுலேஷன். அத்தேர்வை நடத்தியது பள்ளியன்று, பல்கலைக்கழகம். ஆகவே ஆறு ஆண்டுகள் மாணவரை வளர்ப்பது ஓரிடம், அவரை மதிப்பிடுவது வேறோரிடம் என்னும் பிளவு இவ்வமைப்பில் தொடக்கத்திலேயே இருந்தது.

பள்ளி ஆண்களுக்குரியது. மாணவருள் பெரும்பகுதியினர் நகரத்து அக்கிரகாரத் தெருக்களிலிருந்து வந்தவர்கள் என்று கொள்வதில் பிழையிராது. இதனை மறந்துவிட்டு அப்பள்ளியின் சமூக வாழ்வைப் பற்றிப் பேச இயலாது. காவிரிப் படுகையின் உயர்நிலைப் பள்ளிகளும் கல்லூரிகளும் எவருக்குப் பயன்பட்டன என்னும் வினா, 1916 டிசம்பரில் வெளியான பிராமணரல்லாதார் அறிக்கையில் வெளிப்படையாகவே எழுப்பப்பட்டது. இராமானுஜனின் வறுமை உண்மையானது. ஆனால் வறுமையிலும் பள்ளி வாசல் அவருக்குத் திறந்திருந்தது என்பதும் உண்மை.

அரைக் கட்டணம்

தந்தை கு. சீனிவாச ஐயங்கார் ஜவுளிக் கடையில் கணக்கர். மாத ஊதியம் ஏறத்தாழ 20 ரூபாய். தாய் கோமளத்தம்மாள் கோயிலில் பஜனை பாடுவார். கல்லூரி மாணவர் சிலர் அவர் வீட்டில் தங்கி உணவு உண்டு பணம் கொடுத்தனர். சாரங்கபாணி சந்நிதித் தெருவில் இருந்த அச்சிறிய வீட்டின் பொருளாதாரத்தில் பள்ளிக் கட்டணம் சிறிய செலவன்று.

1897ஆம் ஆண்டு நவம்பரில் தொடக்கப் பள்ளி இறுதித் தேர்வில் இராமானுஜன் தஞ்சை மாவட்டத்திலேயே முதலிடம் பெற்றார். சேஷு ஐயரும் இராமச்சந்திர ராவும் எழுதிய குறிப்பின்படி, அத்தேர்ச்சியே நகர உயர்நிலைப் பள்ளியில் அவருக்கு அரைக் கட்டணச் சலுகையைப் பெற்றுத் தந்தது. பள்ளி அவருக்கு அளித்த முதல் அங்கீகாரம் இதுவே. இதில் மேடையில்லை, கைத்தட்டலில்லை. மாதந்தோறும் வீட்டில் மிச்சமாகும் சில ரூபாய்களே அதன் வடிவம். பிற்காலத்தார் பரிசையும் புகழுரையையும் நினைவிற் கொண்டு இச்சலுகையை ஒரு வரியில் கடந்துவிடுகின்றனர். ஒரு கணக்கரின் மகன் 1898 முதல் 1903 வரை இடையறாது பள்ளியில் இருக்க முடிந்ததற்கு மேடைப் புகழைவிட இச்சலுகையே நேரடிக் காரணம் எனலாம்.

இச்சலுகையின் இயல்பு ஒன்று கவனிக்கத்தக்கது. அது தேர்வு முடிவொன்றினால் கிடைத்தது. தேர்வு முடிவினால் கிடைத்த எதுவும் தேர்வு முடிவினால் போய்விடவும் கூடும். பள்ளியில் இருந்த ஆண்டுகளில் அந்நிலை ஏற்படவில்லை.

உடன் பயின்றோர் நடுவே

சிறுவர் பள்ளியில் மதிப்பெண் என்பது ஆசிரியரின் பதிவேட்டில் மட்டும் வாழ்வதன்று. எண்கணிதத் தேர்வொன்றில் நெருங்கிய நண்பர் ஒருவர் தம்மைவிடச் சற்றுக் கூடுதலான மதிப்பெண் பெற்றபோது இராமானுஜன் அழுதுகொண்டு வீட்டுக்கு ஓடினார் என்றும், அந்நண்பருடன் சிறிது காலம் பேசவில்லை என்றும் நினைவுகூரப்படுகிறது. அற்புதக் கதைகளைக் காட்டிலும் இச்செய்தி நம்பத்தக்கது. ஏனெனில் மேதைக்கு இது பெருமை சேர்ப்பதன்று, எனவே புனைந்து கூற வேண்டிய தேவையும் இல்லை.

வகுப்புகள் ஏற ஏற நிலை மாறியது. மூத்த மாணவர்கள் தமக்குக் கடினமாகத் தோன்றிய கணக்குகளைக் கொண்டுவந்து கொடுக்க, அவர் பார்த்த மாத்திரத்தில் விடை கூறினார். கணிதத் தேர்வை ஒதுக்கிய நேரத்தில் பாதியிலேயே முடித்துவிடுவார். இரண்டின் வர்க்கமூலத்தையும் பை, இ ஆகிய எண்களின் மதிப்பையும் கேட்ட இலக்கம் வரை ஒப்பித்து நண்பர்களை மகிழ்விப்பார். வடமொழி வினையடிகளின் பட்டியலையும் அவ்வாறே ஒப்பிப்பார். கணித எண்ணும் இலக்கணப் பட்டியலும் ஒரே மூச்சில் இடம்பெறுவது கருதத்தக்கது. அவர் சூழலில் நெட்டுருத் திறன் ஒரு தனிக் கலை. பாடசாலைக் கல்வியின் நெடுங்கால மரபு அது. உடன் பயின்றோர் அவரை முதலில் வியந்தது, அவர்கள் ஏற்கெனவே மதிக்கக் கற்றிருந்த இந்த நினைவாற்றலின் வழியாகத்தான். சூத்திரங்களின் உட்பொருளை அவர்களால் மதிப்பிட்டிருக்க முடியாது. ஒப்பித்த இலக்கங்களின் நீளத்தை மதிப்பிட முடிந்தது.

ஆசிரியர் உட்படத் தாம் எவரும் அவரை முழுதாகப் புரிந்துகொள்ளவில்லை என்றும், ஒருவித மரியாதையோடு சற்று விலகியே நின்றதாகவும் பள்ளித் தோழர் ஒருவர் பின்னாளில் கூறியுள்ளார். பள்ளிச் சமூகத்தின் ஏற்புக்கு இது நல்ல விளக்கம். அவர்கள் அவரைப் புறக்கணிக்கவில்லை. ஆனால் அவருடன் உரையாடவும் இயலவில்லை.

உரையாட ஆளில்லாமையின் விளைவு நான்காம் ஃபார வயதில் வெளிப்பட்டது. லோனியின் திரிகோணமிதி நூலை அவர் அண்டையிலிருந்த பி.ஏ. மாணவர் ஒருவரிடம் இரவல் பெற்றார். அதிலுள்ள கணக்குகள் யாவற்றையும் துணையின்றித் தீர்த்தது இரவல் கொடுத்தவரையே திகைக்கச் செய்தது. அதே பருவத்தில் சைன், கோசைன் சார்புகளுக்கான ஆய்லரின் தேற்றங்களைத் தாமாகவே கண்டடைந்தார். அவை முன்பே நிறுவப்பட்டவை என்பது தெரியவந்ததும், எழுதிய தாள்களை வீட்டுக் கூரையில் ஒளித்து வைத்தார். மூலத் தேற்றம் ஒன்றைச் சுயமாகக் கண்டதற்காக ஒரு சிறுவனைப் பாராட்ட வேண்டிய இடத்தில், அவன் வெட்கப்பட்டு மறைத்திருக்கிறான். அச்சாதனையின் அளவை எடுத்துச் சொல்லத்தக்கவர் எவரும் அவனருகில் அப்போது இருக்கவில்லை.

1,200 மாணவர்களும் ஒரு கால அட்டவணையும்

பள்ளி அளித்த அங்கீகாரங்களுள் மிகவும் நுட்பமானது மூத்த கணித ஆசிரியர் கணபதி சுப்பையர் அளித்தது. பள்ளியில் அப்போது ஏறத்தாழ 1,200 மாணவர்கள், முப்பத்தைந்து ஆசிரியர்கள் இருந்தனர். வெவ்வேறு தேவைகளையுடைய மாணவர்களை ஆசிரியர்களுக்கும் பிரிவேளைகளுக்கும் பொருத்திக் கால அட்டவணை வகுக்கும் பொறுப்பு அவ்வாசிரியருடையது. அதனை அவர் இராமானுஜனிடம் ஒப்படைத்தார்.

கால அட்டவணை வகுத்தவர் எவரும் அதன் சிக்கலை அறிவர். ஓர் ஆசிரியர் ஒரே நேரத்தில் இரு வகுப்புகளில் இருக்க இயலாது. ஒரு வகுப்புக்கு ஒரே நேரத்தில் இரு பாடங்கள் நடக்க இயலாது. ஓரிடத்தில் செய்யும் திருத்தம் வேறோரிடத்தைக் குலைக்கும். இன்று கணிப்பொறிகளே இவ்வேலையைச் செய்யும் நிலையிலும் இது இணைப்பியல் கணிதத்தில் கடினமான வகையைச் சேர்ந்ததாகவே கருதப்படுகிறது. மூத்த ஆசிரியர் ஒருவர் தம் பொறுப்பில் உள்ள நிருவாகப் பணியை மாணவனின் கையில் கொடுப்பது அக்காலப் பள்ளியின் படிநிலையில் எளிதான செயலன்று. பரிசு, மாணவனை மாணவனாகவே வைத்துப் போற்றுகிறது. இப்பணியோ அவரைப் பள்ளியை இயக்குவோருள் ஒருவராக ஆக்கிற்று. தாம் வகுத்த அட்டவணைப்படி தம் ஆசிரியர்களும் உடன் பயின்றோரும் வகுப்புக்குச் செல்வதை அவர் நாள்தோறும் கண்டிருப்பார். அவருடைய கணிதம் அப்பள்ளிக்கு நேரடியாகப் பயன்பட்ட ஒரே சந்தர்ப்பமும் அதுவே.

இப்பணிக்குச் சான்றிதழ் இல்லை. ஆகவே பிற்காலத்தில் அவர் எழுதிய எந்த விண்ணப்பத்திலும் இதற்கு இடமிருந்திராது.

பரிசளிப்பு நாள்

பள்ளி வாழ்வின் பொது முகம் பரிசளிப்பு விழா. ஆசிரியர், மாணவர், பெற்றோர், ஊர்ப் பெரியோர் கூடும் அந்நாளில் தகுதிச் சான்றிதழ்களும் நூல்களும் வழங்கப்பட்டன. இராமானுஜனும் ஆண்டுதோறும் இத்தகைய சான்றிதழ்களைப் பெற்றார். பரிசாகக் கிடைத்த நூல்கள் ஆங்கிலக் கவிதைத் தொகுதிகள். கணிதத்தில் சிறந்தவருக்குக் கவிதை நூலைக் கொடுப்பது இன்று வேடிக்கையாகத் தோன்றலாம். பள்ளியின் நோக்கில் அதில் முரண் ஏதுமில்லை. படித்தவன் என்பதன் அடையாளம் ஆங்கிலம். எப்பாடத்தில் வென்றாலும் இறுதியில் சேர வேண்டிய இடம் அதுவே. அவருடைய கல்லூரி வாழ்வை ஆங்கிலக் கட்டுரைத்தாளே முறித்தது என்பதை எண்ணும்போது இந்நூல்களை வேறு கண்ணோடும் பார்க்கத் தோன்றுகிறது.

1904இல் அவருக்குக் கணிதத்திற்கான கே. ரங்கநாத ராவ் பரிசு வழங்கப்பட்டது. தலைமையாசிரியர் கிருஷ்ணசாமி ஐயர் அவரை அவையோருக்கு அறிமுகப்படுத்துகையில், இயலுமாயின் முழு மதிப்பெண்ணைக் காட்டிலும் அதிகமாகவே இம்மாணவருக்கு வழங்கத் தகும் என்னும் பொருள்படப் பேசினார். இராமானுஜன் வரலாற்றில் பலமுறை எடுத்தாளப்பட்ட கூற்று இது. பெரும்பாலும் மேதைமைக்குச் சான்றாகவே இது காட்டப்படுகிறது. தலைமையாசிரியரின் நிலையில் நின்று பார்ப்பது குறைவு. ஒரு தலைமையாசிரியரின் கையில் உள்ள அளவுகோல் நூறு வரைதான். அந்த அளவுகோல் இம்மாணவருக்குப் போதாது என்று ஊரார் முன்னிலையில் கூறுவது, தம் கருவியின் குறையைத் தாமே ஒப்புக்கொள்வதாகும். அவ்வளவு நேர்மை விழா மேடைகளில் அரிது.

காலக்கணக்கு ஒன்றையும் இங்குக் குறிப்பிட வேண்டும். இராமானுஜன் மெட்ரிகுலேஷன் தேர்வில் வென்றது 1903 டிசம்பரில். அரசுக் கல்லூரியில் எஃப்.ஏ. முதலாண்டு வகுப்பில் சேர்ந்தது அடுத்து வந்த ஜனவரியில். இவற்றையும் 1904ஆம் ஆண்டுப் பரிசளிப்பையும் ஒருங்கு வைத்துப் பார்த்தால், மேடையேறிப் பரிசு பெற்றபோது அவர் பள்ளி மாணவராக இருந்திருக்க வாய்ப்பில்லை. கல்லூரி மாணவராகவே வந்திருக்க வேண்டும். பள்ளி தன்னைவிட்டுப் போய்விட்ட மாணவரைக் கொண்டாடியது. அவ்வாண்டு முடிவதற்குள் நிகழ்ந்ததை அவ்வவையினர் எவரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

அதே ஆண்டில்

கல்லூரியில் சேர்ந்தபோது அவருக்குச் சுப்பிரமணியம் உதவித்தொகை கிடைத்தது. ஆங்கிலத்திலும் கணிதத்திலும் தேர்ச்சியுடையோருக்கு வழங்கப்படுவது அது. ஆறாம் ஃபாரத்தில் இருந்தபோதே ஜி. எஸ். காரின் தொகுப்பு நூல் அவர் கைக்கு நண்பர் ஒருவர் வழியாக அரசுக் கல்லூரி நூலகத்திலிருந்து வந்து சேர்ந்திருந்தது. ஏறத்தாழ ஐயாயிரம் முடிவுகளை விளக்கமின்றி வரிசைப்படுத்திய, தேர்வுப் பயிற்சிக்கென எழுந்த நூல் அது. தேர்வுக்காக எழுதப்பட்ட நூல் ஒருவரைத் தேர்விலிருந்தே விலக்கிச் சென்றது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

வகுப்பில் வரலாறோ உடலியலோ நடக்க, அவர் கணிதத்தில் ஆழ்ந்திருந்தார். ஆங்கிலக் கட்டுரையில் தோல்வியுற்றதால் இரண்டாமாண்டுக்கு உயர்த்தப்படவில்லை, உதவித்தொகையும் நின்றது. பருவத்திற்கு 32 ரூபாய்க் கட்டணம், தந்தையின் ஒன்றரை மாத ஊதியத்திற்கு நிகரானது. 1905 ஆகஸ்டில் வீட்டாரிடம் சொல்லாமல் விசாகப்பட்டினம் சென்றார். காணாமற் போன சிறுவனைப் பற்றிய அறிவிப்பு செப்டம்பர் தொடக்கத்தில் ‘தி இந்து’ நாளிதழில் வெளியாயிற்று. 1906இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும், 1907இல் தனித்தேர்வராக எழுதியும் எஃப்.ஏ. கைகூடவில்லை.

பள்ளிக்கும் கல்லூரிக்கும் இடையே கடந்த தொலைவு சில தெருக்களே. ஆசிரியர்களும் ஒரே நகரத்தினர். சேஷு ஐயர் போன்ற கணித ஆசிரியர் அக்கல்லூரியில் இருந்தார்; அவருக்கு மாணவரின் திறன் தெரியும். எனவே கல்லூரி ‘அறியவில்லை’ என்பது துல்லியமான கூற்றாகாது. அறிந்திருந்தும் அந்த அறிவைப் பதிவதற்கு விதிகளில் இடமில்லை என்பதே நிலை. எஃப்.ஏ. முறை எல்லாப் பாடங்களிலும் தனித்தனித் தேர்ச்சியை வேண்டியது. ஒன்றில் உள்ள மிகுதி மற்றொன்றின் குறையை ஈடு செய்யாது. கிருஷ்ணசாமி ஐயர் மேடையில் சொன்ன ‘நூற்றுக்கு மேல்’ என்பது இம்முறையில் நூறாகவே குறுகிவிடும். அந்நூறும் ஆங்கிலத்தின் குறைவெண்ணுக்கு முன் பயனற்றது. விதியை வகுத்தோர் தரப்பிலும் நியாயம் உண்டு. ஆயிரக்கணக்கான மாணவரை ஒரே அளவில் மதிப்பிட வேண்டிய மாகாணப் பல்கலைக்கழகத்திற்குத் தனி ஆசிரியரின் சான்று எளிதில் முறைகேட்டுக்கு வழிவிடும் என்னும் அச்சம் இருந்திருக்கும். அவ்வச்சம் காரணமற்றதன்று. ஆயினும் அதன் விலையை இங்கு ஒருவர் தனியே கொடுத்தார்.

பள்ளிப் படிப்பே தகுதியாக

இதன்பின் ஏழாண்டுகள் இராமானுஜன் காட்டக்கூடிய ஒரே சான்று நகர உயர்நிலைப் பள்ளி வழியாகப் பெற்ற மெட்ரிகுலேஷனே. 1912 பிப்ரவரியில் சென்னைத் துறைமுகக் கழகத்திற்கு எழுதிய வேலை விண்ணப்பத்தில், மெட்ரிகுலேஷன் தேறியதையும் எஃப்.ஏ. வரை படித்ததையும் கூறி, எதிர்பாராச் சூழல்களால் மேற்படிப்பு தடைப்பட்டதாகக் குறிப்பிட்டார். மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தர் பணி கிடைத்தது. 1913 ஜனவரி 16ஆம் நாள் ஹார்டிக்கு எழுதிய புகழ்பெற்ற கடிதத்திலும், பல்கலைக்கழகக் கல்வி தமக்கில்லை, வழக்கமான பள்ளிப் படிப்பை முடித்துள்ளேன் என்றே தம்மை அறிமுகம் செய்துகொண்டார். அக்கடிதத்தின் தேற்றங்களை உலகம் ஆராய்ந்துவிட்டது. பள்ளிப் படிப்பைப் பற்றிய இவ்வரியைத் தன்னடக்கம் என்று மட்டும் கொள்வது போதாது. அவரை நிபந்தனையின்றி ஏற்றுக்கொண்ட கடைசி நிறுவனம் அப்பள்ளி.

இடைப்பட்ட காலத்தில் அவரைத் தாங்கியது நிறுவனமன்று, அறிமுகச் சங்கிலி. 1910இல் திருக்கோவிலூரில் துணை ஆட்சியராக இருந்த, இந்தியக் கணிதக் கழகத்தின் நிறுவனர் வி. இராமசுவாமி ஐயரிடம் எழுத்தர் வேலை கேட்டுச் சென்றார். குறிப்பேடுகளைக் கண்ட அவர், வருவாய்த் துறையின் கடைநிலைப் பணியில் இத்திறனை முடக்க மனமின்றிச் சென்னைக்கு அனுப்பினார். அங்கே பழைய ஆசிரியர் சேஷு ஐயர். அவர் வழியாக நெல்லூர் ஆட்சியர் இராமச்சந்திர ராவ். பின் துறைமுகக் கழகத்தில் எஸ். நாராயண ஐயர். இச்சங்கிலியின் கண்ணிகள் பெரும்பாலும் ஒரே சமூகத்தைச் சேர்ந்தவை என்பது வெளிப்படை. பச்சையப்பன் கல்லூரியில் அவரோடு அமர்ந்து கணிதச் சிக்கல்களைத் தீர்த்த பேராசிரியர் சிங்காரவேலு முதலியாரும், துறைமுகக் கழகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும், பல்கலைக்கழகத்திற்குப் பரிந்துரைத்த வானிலையாளர் கில்பர்ட் வாக்கரும் அவ்வட்டத்திற்கு வெளியே நின்றவர்கள். எனினும் குறிப்பேடுகளைக் கையிலெடுத்துக்கொண்டு ஓர் அதிகாரியின் வீட்டு வாசலுக்குச் சென்று அமர முடிந்த இளைஞர் எவர், முடியாதவர் எவர் என்னும் கேள்வி அன்றைய தஞ்சை மாவட்டத்தில் கணிதத்தைச் சார்ந்ததாக இருக்கவில்லை. தோல்வியுற்றோருக்கான மறுவாய்ப்பு தேர்வு முறையில் இல்லாதபோது, அது உறவிலும் அறிமுகத்திலும் மட்டுமே கிடைக்கும். அவ்விரண்டும் எல்லாருக்கும் ஒரே அளவில் வாய்ப்பதில்லை.

1913இல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகையை அவருக்கு வழங்கிற்று. முதுகலைப் பட்டம் பெற்றோருக்கே உரியதென இருந்த அத்தொகையைப் பட்டமேதும் இல்லாதவருக்கு வழங்க விதியை ஒதுக்கி வைக்க வேண்டியிருந்தது. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு தலைமையாசிரியர் பரிசளிப்பு மேடையில் கூறியதைப் பல்கலைக்கழகம் முதன்முறையாகத் தன் ஏட்டில் பதிந்தது. 1916இல் கேம்பிரிட்ஜின் இளங்கலைப் பட்டம், 1918இல் அரச கழகத்தின் உறுப்பாண்மை, அதே ஆண்டில் டிரினிட்டி கல்லூரியின் ஆய்வாளர் நிலை ஆகியவை விரைந்து வந்தன. 1920 ஏப்ரல் 26ஆம் நாள் சென்னையில் அவர் காலமானார்.

நினைவைத் தொகுத்த மற்றொரு பள்ளி

நகர உயர்நிலைப் பள்ளியின் வகுப்பறை வாழ்வைப் பற்றி இன்று கிடைக்கும் செய்திகளில் கணிசமானவை எழுதி வைக்கப்பட்டவை அல்ல. முதியவர்களின் நாவிலிருந்து சேகரிக்கப்பட்டவை. அச்சேகரிப்பில் பெரும்பங்காற்றியவர் சென்னை முத்தியால்பேட்டை உயர்நிலைப் பள்ளியின் கணித ஆசிரியர் பி. கே. சீனிவாசன். இராமானுஜனின் கடிதங்களையும், அவரை அறிந்தோரின் நினைவுகளையும் தேடித் தொகுத்து 1968இல் நினைவு மலராக அவர் வெளிக்கொணர்ந்தார். பல்கலைக்கழகத் துறையொன்று செய்திருக்க வேண்டிய பணி இது. அரைநூற்றாண்டு கடந்திருந்தது; இன்னும் சில ஆண்டுகள் தாழ்ந்திருந்தால், உடன் பயின்றோரின் நினைவுகள் அவர்களோடே மறைந்திருக்கும். அம்மலரின் வெளியீட்டாளராக அச்சில் இடம்பெற்றிருப்பவை, அப்பள்ளி மாணவர்களின் எண் நண்பர்கள் கழகமும் பழைய மாணவர் குழுவுமே.